பச்சைப் பட்டினிக் காலத்தில் சமயபுரம்

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், அன்றிலிருந்து 28 நாளைக்குச் சமயபுரத்தாள் சமைத்த சோறு தொடமாட்டாள். மற்ற ஊர்களில் சாமிக்காக மக்கள் விரதம் இருப்பார்கள். இங்கே மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான் நைவேத்தியம். துறையூர்க்காரர்களான எங்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்த வருஷம் அது எங்கள் வீட்டு விஷயமாகவே ஆகிவிட்டது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் சிகிச்சை. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய இடம் அது. இந்தக் கதையை அப்பா சொன்ன நாளிலிருந்து என் அத்தை அந்த வாசலில் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். திருச்சியிலிருந்து ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது எழும்பூர். (யாருக்காவது உதவும்: மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், சிகிச்சைக்குப் போய்வர புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் கட்டணம் முழுதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு.)

மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ. அந்தச் சிவப்பு மருந்து ஏறிய பிறகு முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. "அம்மனுக்குக் கொடுத்ததா நெனச்சுக்க" என்றார் அத்தை. அம்மா பதில் சொல்லவில்லை. அதன்பின் வீட்டுக்குள்ளேயும் தலையில் துண்டு இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததில்லை. பால்காரர் மணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவார்.

வாயெல்லாம் புண். எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்பார். சாப்பிட முடியாததைவிட, சமைத்துப் போட்டவர்கள் முகம் வாடுவதுதான் அவருக்குப் பெரிய வேதனை. பூச்சொரிதல் தொடங்கிய மறுநாள், "அவளே பட்டினி கெடக்கா, எனக்கென்ன?" என்று தானாகவே சொல்லிக்கொண்டு ஒரு டம்ளர் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார். நாங்கள் கெஞ்சிக் கெஞ்சி நடக்காதது அது. பசியற்ற ஒருத்திக்குத் துணையாக இன்னொருத்தி பட்டினி கிடக்கிறாள் என்று அம்மா முழுசாக நம்பினார். நானும் நம்புகிறேன்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். டாக்டரிடம் கேட்டோம். கீமோ போட்ட இரண்டாவது வாரத்தில்தான் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும், மூன்றாவது வாரத்தில் ஏறிவிடும், ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் போகலாம் என்றார். முகக்கவசம் போட வேண்டும், கூட்டத்தில் நிற்கக் கூடாது, வேகாத எதையும் சாப்பிடக் கூடாது. ஞாயிறு, செவ்வாய், வெள்ளியைத் தவிர்த்துப் புதன்கிழமை கிளம்பினோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்திவிட்டு வேப்பிலையை மட்டும் நம்பச் சொன்ன உறவினர் ஒருவரை அப்பா வாசலோடு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் அம்மன்மேல் அதிக பக்தி உள்ளவர் அப்பாதான்.

இருட்டோடு புறப்பட்ட கார் மண்ணச்சநல்லூரை நெருங்கியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். வழியெல்லாம் அரிசி ஆலைகள். அவித்த நெல் வாசனை என்றால் அம்மாவுக்கு உயிர். இப்போது அதுவே குமட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, நான் உரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழத் தோலை முகர்ந்தபடியே வந்தார்.

சமயபுரத்தில் இறங்கியபோது வெளிச்சம் வந்துவிட்டது. தெருவெங்கும் மஞ்சள் சேலைகள், பூக்கூடைகள், ராத்திரி முழுக்க நடந்து வந்த வெறுங்கால்கள். முடிக்காணிக்கை கொடுத்துவிட்டுக் குளித்து வந்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டிகள், என் வயதுக்காரிகள், கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பெண். எல்லோருக்கும் மொட்டைத் தலை, அதில் ஈரச் சந்தனம். அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை அவிழ்த்து மடித்து என் பையில் வைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வயசான அம்மா மட்டும், "என்ன வேண்டுதல் தாயி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கிண்ணத்துச் சந்தனத்தை நீட்டினார். மாதக்கணக்கில் 'நோயாளி' என்று மட்டுமே பார்க்கப்பட்ட என் அம்மா, அந்தத் தெருவில் வேண்டுதல் நிறைவேற்ற வந்த ஒருத்தி. அந்தச் சந்தனத்தை அவர் பூசிக்கொண்ட விதத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

தரிசனம் சீக்கிரம் கிடைத்தது. எட்டுக் கையோடு உட்கார்ந்திருக்கிற மூலவர் மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை வடிவம், அதனால் அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். மருந்தாலேயே ஆன உடம்பு என்பார் அப்பா. அம்மை கண்டவர்கள் இந்தக் கோயிலில் வந்து தங்கித் தீர்த்தம் வாங்குவது காலகாலமான வழக்கம். நோயோடு வருகிறவர்களைப் பார்த்து இந்த ஊர் முகம் சுளிப்பதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்பா சத்தமாக அழுதார். நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க வரவில்லை. அடுத்த கீமோவுக்குள் ரத்த அணுக்கள் குறையாமல் இருக்கட்டும் என்று மட்டும் ஏதோ முணுமுணுத்த ஞாபகம்.

பிரசாதத் துள்ளுமாவு பச்சரிசி மாவு, வேகாதது. அம்மா இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு என் மகள் வாயில் போட்டார்.

திரும்பும்போது மொட்டை போட்ட பெண்களைக் காட்டி அத்தை மறுபடி ஆரம்பித்தார்: "உன் முடியும் அவளுக்குத்தானே போச்சு."

"இல்லண்ணி, அது மருந்து எடுத்துக்கிட்டது, கணக்குல வராது" என்றார் அம்மா. "எல்லா ஊசியும் முடியட்டும். வளர்த்துக் கொண்டாந்து நானே கொடுக்கறேன். அடுத்த வருஷம் பூச்சொரிதலுக்கு நீங்களும் கூட வரணும், நடந்து."