அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

8 ஜூன் 2025, ஞாயிறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்று காலை முழுக்க. மரத்தூண், எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி இவற்றுக்கு நடுவே ஒரு கடையில் அக்ஃபா கிளிக் த்ரீ கேமராக்கள் வரிசையாக இருந்தன. பரோடாவில் செய்தவை, 120 அளவு ஃபிலிம் ரோலில் 12 படம் விழும். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் எத்தனையோ இந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்தவைதான். பளபளப்புக்காக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள், லென்ஸின் மேலும். மனசு கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து வைத்துவிட்டு, படம் எடுக்கிற நிலையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டூடியோ நடத்தி மூடிய பெரியவர் ஒருவரின் வீட்டுக்குக் கடைக்காரர் வழி சொன்னார்.

அதே நாள், இரவு

வாங்கிவிட்டேன். பென்டாக்ஸ் கே1000, 50 எம்.எம். லென்ஸோடு. 1976 முதல் 1997 வரை பெரிய மாற்றமில்லாமல் வந்த மாடல். உள்ளே எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு மட்டும் ஒரு பட்டன் செல் போதும். ஆஃப் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் செல் தாங்கும்.

முதலில் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். போன வருஷம் விளம்பரப் படத்தை நம்பி வாங்கிய லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூசணம். லென்ஸின் மேல்பூச்சையே அரித்திருந்தது. விற்றவர் அப்புறம் போனை எடுக்கவில்லை. இது சுத்தமாக இருந்தது. "தோல் கேஸ்ல வச்சுப் பூட்டாதீங்க தம்பி, ஈரம் அதுலதான் நிக்கும்" என்றார் பெரியவர்.

பிறகு ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு முன்னால் ஓடித் திறந்து மூடும் இரண்டு திரைகள். டயலில் 1 என்றால் ஒரு நொடி, 2 அரை நொடி, 4 கால் நொடி, 60 என்றால் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. "ஒண்ணுல வச்சு அடிங்க, அப்புறம் ரெண்டுல, நாலுல. பாதி பாதியாக் குறையுதான்னு காது சொல்லும்." கண்ணை மூடிக் கேட்டேன். குறைந்தது.

டயலில் 60 என்ற எண்ணை ஒட்டிச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி, கடுகளவு மேடு. ஃபிளாஷ் போட்டால் இதில் 60க்கு மேல் போகக் கூடாது. "தாலி கட்டுற நேரத்துல குனிஞ்சு டயலைப் பாக்க முடியுமா? விரலுக்குத் தட்டுப்படணும்ல." அவர் மனைவியின் நகப்பூச்சுதானாம். காப்பியோடு வந்த அந்தம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நாலாயிரம் கேட்டார். நான் பார்த்த விலைகளுக்கு அது ரொம்பக் குறைவு, அவரிடமே அதைச் சொன்னேன். ஏழாயிரம் கொடுத்தபோது இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, வாங்கத் தயங்கினார்.

14 ஜூன், சனி

வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்து ஃபோம் தார் மாதிரி இளகிக் கிடந்தது. பல் குச்சி, பஞ்சு, ஸ்பிரிட் வைத்து ஒரு மணி நேரம் சுரண்டினேன். பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூல் ஒட்டியாயிற்று. கண்ணாடிக்கு மேலிருக்கும் பட்டையும் நைந்திருந்தது, அதற்குப் புது ஃபோம். சிவப்புப் புள்ளியில் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொண்டேன்.

22 ஜூன், ஞாயிறு

முதல் ரோலை வீட்டிலேயே கழுவினேன். இல்ஃபோர்ட் ஹெச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம், டி-76 டெவலப்பர் மருந்தில் பாதிக்குப் பாதி தண்ணீர், 20 டிகிரியில் 11 நிமிடம். குழாய்த் தண்ணீர் 31 டிகிரி. ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி பேசினில் போட்டு, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஈர நெகட்டிவை ஜன்னலில் தூக்கிப் பிடித்தபோது உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை. வீட்டுக்குள் 60ல் எடுத்தவை எல்லாம் கச்சிதம். அம்மா பூக்கட்டும் படத்தில் நாரின் பிசிறுகூடத் தெரிகிறது. ஊரணிக்கரை வெயிலில் 1000ல் எடுத்த ஏழிலும் ஒரு ஓரம் வெறுமையாக இருக்கிறது. ஷட்டரின் இரண்டாவது திரை முந்திக்கொண்டு முதல் திரையை எட்டிவிடுகிறது. 500ல் அந்தக் குறை இல்லை.

குறை சொல்லவில்லை, விவரம் கேட்கத்தான் பெரியவருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆயிரமா? அதுல நான் ஒரு படம்கூட எடுத்ததில்லையே தம்பி."