பார்பியின் இடுப்பும் பாடி வைத்த பாவாடையும்

புரட்டாசி நெருங்கினால் என் தையல் மேசையில் மனிதர்களின் துணியைவிடப் பொம்மைகளின் துணிதான் அதிகம் கிடக்கும். கொலுவுக்கு மரப்பாச்சி ஜோடிகளை உடுத்திக் கொடுப்பேன். பேத்தியின் பார்பிக்குப் பட்டுப் பாவாடை வேண்டும் என்று கேட்டு வரும் பாட்டிகளுக்கும் தைத்துக் கொடுப்பேன். மற்ற மாதங்களில் ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை. திருச்சியில் பல ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. பொம்மைகளின் உடல் பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில், பார்பியின் இடுப்பு அவ்வளவு சிறுத்திருப்பதற்குத் தையலைக் காரணம் காட்டும் ஒரு சமாதானம் நெடுநாளாக உலவுகிறது. அதற்குத் தையல்காரி ஒருத்தி பதில் சொல்லவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பார்பியின் உயரம் 11½ அங்குலம். ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஆறால் பெருக்கினால் ஐந்தடி ஒன்பது அங்குலப் பெண். என்னிடம் இருக்கும் பழைய பொம்மையின் இடுப்பில் டேப்பைச் சுற்றினால் 3¼ அங்குலம் காட்டுகிறது. அதை ஆறால் பெருக்கினால் இருபதுகூட வரவில்லை. என்னிடம் ரவிக்கைக்கு அளவு கொடுப்பவர்களில் மிக ஒல்லியான கல்லூரி மாணவிக்கும் இடுப்பு 24க்குக் கீழே நான் எழுதியதில்லை. இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு 32, 34, 36. 1996ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை முறைப்படி அளந்து பார்த்தார்கள். பார்பியின் உடல்வாகு லட்சம் பெண்களில் ஒருத்திக்கும் அமைவது அரிது, அவளுடைய ஜோடியான கென்னின் உடல்வாகு ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு அமையக்கூடியது என்று கண்டார்கள். ஆண் பொம்மைக்கு ஐம்பதில் ஒன்று, பெண் பொம்மைக்கு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எனக்கு மனம் கொதிக்கிறது.

இனி அந்தச் சமாதானம். 2014ல் பார்பியின் வடிவமைப்புத் தலைவராக இருந்த கிம் கல்மோன் ஒரு பேட்டியில், அந்த உடல் நிஜப் பெண்ணைப் போல இருக்கவேண்டும் என்று ஒருபோதும் செய்யப்பட்டதல்ல, சிறுமிகள் எளிதாக உடை மாற்றுவதற்காகச் செய்யப்பட்டது என்றார். இதற்கு முன்பிருந்தே சொல்லப்படும் விளக்கமும் இதன் பங்காளிதான். பொம்மையைச் சிறிதாக்கலாம், துணியின் கனத்தைச் சிறிதாக்க முடியாது. இடுப்பில் துணி அடுக்கடுக்காகச் சேரும்போது பொம்மை பருத்துத் தெரியும். ஆகவே இடுப்பை முன்கூட்டியே குறைத்து வைத்தோம் என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. பார்பிக்கு ஒரு பாவாடை தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டையின் ஓரம் ஒரு மடிப்பு, அதன் உள்ளே லைனிங். அதற்கு மேல் பாவாடையின் சுருக்கு, சுருக்கை மூடும் பட்டி, பட்டியின் உள்மடிப்பு. ஜரிகை இருந்தால் அது வேறு. எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். நம் மேலே மெத்தென்று விழும் பருத்தித் துணி, பார்பியின் மேலே ஜமுக்காளம் போல விறைத்து நிற்கும். ஆகவே இடுப்பில் துணி சேருவது நிஜமான தொல்லைதான்.

ஆனால் அந்தத் தொல்லைக்கு மருந்து எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எப்படித் தைக்கிறோம்? குழந்தைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. வயிறு முன்னே வந்திருக்கும், நாடா கட்டினால் நழுவி விழும். அதனால் யாரும் குழந்தையின் வயிற்றைக் குறை சொல்வதில்லை. மேலே மல் துணியில் கையில்லாத பாடி ஒன்றை வெட்டி, அதன் கீழ் விளிம்பில் பாவாடையின் சுருக்கை இணைத்துவிடுகிறோம். பாரம் முழுவதும் தோளில் நிற்கும். இடுப்பில் நாடாவும் இல்லை, பட்டியும் இல்லை. இதுதான் பாடி வைத்த பாவாடை. நான் இதையே பொம்மைக்குத் தைக்கிறேன். சுருக்கை வயிற்றுக்கு மேலே ஏற்றிவிட்டால் துணி குவிகிற இடமே மாறிவிடும். சுருக்குக்குப் பதிலாகத் தட்டை மடிப்பு பிடித்து, அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் கனம் பாதியாகும். லைனிங்கை மல்லில் போடலாம், வாயிலில் போடலாம். வெட்டில் தீரும் காரியம் இது. இதற்காக உடலின் விலா எலும்புகளை நெருக்கவேண்டியதில்லை.

மரப்பாச்சியைப் பாருங்கள். செம்மரத்தில் கடைந்த உடம்பு, அகன்ற தோள், கனத்த கால். இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், அவ்வளவுதான். கைகள் உடம்போடு ஒட்டியே இருப்பதால் ரவிக்கை மாட்ட வழியில்லை, சுற்றித்தான் உடுத்தவேண்டும். மடிசார் கட்டுகிறோம், கொசுவம் வைக்கிறோம், வேட்டியும் அங்கவஸ்திரமும் போடுகிறோம். துணி கனத்தால் ராணி பருத்துவிட்டாள் என்று எந்தக் கொலுவிலும் யாரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. நம் பக்கம் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. துடியிடை, கொடியிடை என்று நம் பாட்டுகளும் பாடித் தீர்த்திருக்கின்றன. களிமண் தேவியருக்கும் இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கிறது. நான் சொல்வது துணியைப் பற்றி மட்டும். துணியின் மேல் பழியைப் போடாதீர்கள்.

பார்பியின் முதல் உடைகளைத் தைத்தவர்களைப் பற்றி அறிந்தபோது இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டது. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி வெளியானாள். அதற்கு முன்பே, அவளை உருவாக்கிய மாட்டெல் நிறுவனம் சார்லட் ஜான்சன் என்ற உடை வடிவமைப்பாளரை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. அங்கே வீட்டில் உட்கார்ந்து கூலிக்குத் தைத்த பெண்களின் கைகளில்தான் அந்த உடைகள் உருவாயின. விரல் நுனி அளவு பிரஸ் பட்டன், குட்டி ஜிப், உள்ளே லைனிங், ஒவ்வொரு விளிம்பும் மடித்து அடித்த தையல். பழைய உடைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்தக் கைகளுக்கு 4½ அங்குல இடுப்பைக் கொடுத்திருந்தாலும் அழகாகவே தைத்துக் கொடுத்திருப்பார்கள்.

அந்த உடல் எங்கிருந்து வந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு நாளிதழின் கேலிச்சித்திரப் பாத்திரமான லில்லி 1955ல் பொம்மையாக வந்தாள். பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்காக விற்ற பொம்மை அது. மாட்டெலை நிறுவியவர்களில் ஒருவரான ரூத் ஹாண்ட்லர் அதை 1956ல் சுவிட்சர்லாந்தில் பார்த்து வாங்கி வந்தார். தன் மகள் குழந்தைப் பொம்மைகளை விட்டுவிட்டு, வளர்ந்த பெண்களின் காகிதப் பொம்மைகளோடு விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். தாய் வேடம் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த சிறுமிகளுக்கு வேறு வாழ்க்கைகளையும் விளையாடிப் பார்க்க ஒரு பொம்மை வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். உடலை மட்டும் லில்லியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

துணி வாதத்தை ஒப்புக்கொண்டாலும், 1965ல் பார்பிக்கு வந்த சிலம்பர் பார்ட்டி (தோழிகள் கூடித் தங்கும் இரவு) உடைத் தொகுப்பை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது? இரவு உடையோடு ஒரு குட்டி எடை பார்க்கும் கருவியும் இருந்தது. அதன் முள் 110 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 50 கிலோவில், நிலையாக நிற்கும். கூடவே எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை ஒன்றே ஒன்று: சாப்பிடாதே. கென்னின் இரவு உடையோடு கொடுத்தது இனிப்பு பன்னும் ஒரு டம்ளர் பாலும்.

என் மேசைக்கு வருகிறேன். குழந்தைக்கும் பொம்மைக்கும் ஒரே துணியில் பாவாடை சட்டை தைக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏழு வயதிருக்கும், ஒரு சிறுமி அம்மாவோடு வந்தாள். பொம்மையின் அளவை முதலில் எடுத்தேன். டேப்பை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் வயிற்றை எக்கி, தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விலா எலும்பு தெரிந்தது. “மூச்சை விடு கண்ணு, இந்த அளவில் தைத்தால் பாயசம் சாப்பிட முடியாது” என்றேன். விடவில்லை. “இவள் இப்போதெல்லாம் இப்படித்தான் அக்கா, கண்ணாடிக்கு முன்னாலும் இப்படியேதான் நிற்கிறாள்” என்றார் அம்மா. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவள் மறந்த நேரத்தில் அளந்தேன். எக்கி நின்றதற்கும் இயல்பாக நின்றதற்கும் இடையே இரண்டு அங்குலம்.

இங்கிலாந்தில் ஐந்து முதல் எட்டு வயதுச் சிறுமிகள் 162 பேரிடம் நடந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பார்பியின் படங்களைப் பார்த்த சிறுமிகளுக்குத் தம் உடலைப் பற்றிய நிறைவு குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. சிறியவர்களிடம்தான் இது தெளிவாகத் தெரிந்தது. மூத்தவர்களிடம் பார்பியின் படம் அப்படி உடனடி மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. அந்த வயதுக்குள் பாடம் உள்ளே போய்விடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

2016ல் உயரமானவள், குள்ளமானவள், உடம்பு பூசினவள் என்று மூன்று புதிய உடல்களை மாட்டெல் கொண்டுவந்தது. நல்ல காரியம். பழைய உடை புதியவளுக்கு ஏறவில்லை என்று தாய்மார்கள் சலித்துக்கொண்டு வந்தார்கள். நான் அந்த உடம்பு பூசினவளுக்குத் தனியாகப் பிரவுன் பேப்பரில் அளவு வெட்டி வைத்திருக்கிறேன். அவளுக்குத் தைப்பது எனக்குப் பிடிக்கும், பாவாடை இடுப்பில் நன்றாக உட்காரும். ஆனால் அந்த இடுப்பும் என் டேப்பில் நான்கு அங்குலத்தை ஒட்டித்தான் வருகிறது. ஆறால் பெருக்கினால் 24. என்னிடம் வருபவர்களிலேயே மிக ஒல்லியான அந்த மாணவியின் அளவு. உடம்பு பூசினவள் என்று உலகமே பேசிய பொம்மை இவள். 2019ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூன்று முதல் பத்து வயதுச் சிறுமிகள் பழைய பார்பியும் சேர்த்து நான்கு பொம்மைகளில் இவளோடு விளையாடத்தான் குறைவாக ஆசைப்பட்டார்கள்.

பையன்களின் வீரப் பொம்மைகளிலும் இதே கதை வேறு திசையில் நடக்கிறது. 1964ல் வந்த ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மையை ஆள் உயரத்துக்குப் பெருக்கினால் மேல்கைச் சுற்று 12 அங்குலம் வரும், சாதாரண இளைஞனின் கை. தொண்ணூறுகளில் வந்த ஒரு ஜோவுக்கு அது ஏறக்குறைய 27 அங்குலம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பின் குழுவினர் கணக்கிட்டார்கள். அந்தக் கைக்குச் சட்டை தைக்க ஒரு பெண்ணின் இடுப்பளவு துணி வேண்டும். வீரப் பெண்களோ எண்ணிக்கையிலேயே சொற்பம். 1978ல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் முதலில் வந்தபோது பன்னிரண்டில் ஒருத்திதான் பெண், லியா. 2015ல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பவள் பிளாக் விடோ. கடைக்கு வந்த பொம்மையில் அந்த வண்டியில் கேப்டன் அமெரிக்கா உட்கார்ந்திருந்தார். என்னிடம் வந்த சில வீரப் பெண்களுக்கு உடை உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. உடை மாற்றுவதற்கான உடல் என்ற சமாதானம் அங்கே சொல்லவே வழியில்லை. இடுப்பு மட்டும் அதே பிடியளவுதான்.

ரூத் ஹாண்ட்லரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1970ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்தார்கள். கடையில் கிடைத்த செயற்கை மார்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே ஒரு நிறுவனம் தொடங்கி, இடதுக்கு வேறு வலதுக்கு வேறு என்று, பெண்கள் அணியும் உள்ளாடை அளவுகளின்படியே செய்து விற்றார். கடைகளுக்கு நேரில் போய்ப் பெண்களுக்குப் பொருத்தியும் காட்டினார். அறுவைசிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு ரவிக்கையின் லைனிங்கில் பை வைத்துத் தைப்பவள் நான். இடது வலது என்று பிரித்த அந்த ஒரு முடிவில் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு உடலும் வேறு என்று அறிந்து அளவு வைக்க அவரால் முடிந்தது. அவருடைய பொம்மைக்கு இரண்டாவது அளவு வர 57 ஆண்டுகள் ஆயின.

இப்போது பொம்மையின் அளவைக் குழந்தைக்கு முன்னால் நான் எடுப்பதில்லை. பொம்மையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு அளவெடுக்கும்போது எண்ணை உரக்கச் சொல்வதில்லை, எழுதிக்கொள்கிறேன். அம்மாக்களிடமும், “ஒட்டடைக்குச்சி”, “பூசணிக்காய்” என்ற பேச்சை என் கடைக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டொருவருக்குக் கோபம்கூட வந்தது, வரட்டும்.

பார்பிக்குப் பாவாடை வீட்டிலேயே தைக்க விரும்புபவர்கள் பாடியின் மார்புச் சுற்றில் கால் அங்குலம் தளர்வு விடுங்கள், பின்பக்கம் வெல்க்ரோவைவிடப் பிரஸ் பட்டன் நல்லது, வெல்க்ரோ பட்டு இழையை இழுத்துவிடும். கொலுவுக்கு என்னிடம் கொடுக்க நினைப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். மரப்பாச்சிக்கு மடிசார் என்றால் இன்னும் ஒரு வாரம் முன்னதாக.