ஆயில் மாற்றிய மறுநாள் காலை

ஒர்க்‌ஷாப்பில் என் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. காலையில் வண்டிக்கு அடியில் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. தொட்டு வெள்ளைத் துணியில் தேய்த்தேன். தேன் நிறம். பழைய ஆயில் என்றால் கறுத்திருக்கும்; இது நேற்று ஊற்றியதேதான். வயிறு கலங்கிவிட்டது.

உடனே ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். ராத்திரி முழுக்கச் சமதரையில் நின்ற வண்டி, அதனால் அளவு பொய் சொல்லாது. துடைத்து, மறுபடி கடைசிவரை செருகி எடுத்தால், அதிகபட்ச அளவைக் காட்டும் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறி நிற்கிறது. என் வண்டியில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். அப்படியென்றால் அரை லிட்டருக்கும் மேல் கூடுதல்!

எப்படி என்பது கையேட்டைப் புரட்டியதும் விளங்கியது. அதில் இரண்டு அளவு போட்டிருக்கிறது: ஃபில்டரோடு மாற்றினால் ஒன்று, ஃபில்டரை விட்டுவிட்டால் அதைவிடக் குறைவு. எனக்கு ஃபில்டர் மாற்றவில்லை, ஊற்றியதோ பெரிய அளவு. போதாததற்கு, ஆறிப்போன எஞ்சினில் இறக்கினார்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். பழையது கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும்.

‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. ஆயில் மட்டம் ரொம்ப ஏறினால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும். பம்ப் அந்த நுரையை இழுத்தால் பிரஷர் இறங்கும். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு ஆயில் படலம் ஒழுங்காகக் கிடைக்காது. ஆயில் நிறைய இருந்தும் எஞ்சின் காய்கிறது, நினைத்தாலே பதறுகிறது. மிச்சம் காற்றோட்டக் குழாய் வழியாக மேலேறி, எரிந்து நீலப் புகையாக வரும். ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களின் மீதும் அழுத்தம் கூடும்.

போன் போட்டேன். “கூடுதலா ஊத்திட்டோம் சார், அதான் கசியுது, எடுத்துட்டா நின்னுடும்” என்றார் வேலை பார்த்தவர். நானும் நம்பினேன். டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டு, சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தேன். அடியில் ஓர் அட்டையை விரித்துப் படுக்கப் போனேன்.

காலையில் அட்டையில் நான்கு சொட்டு.

கூடுதல் ஆயிலும் கசிவும் ஒரே கோளாறு என்று நினைத்ததுதான் தப்பு. ஊற்றும்போது சிந்தியதுகூட ஒருநாள் சொட்டும் என்பதால், அடிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிட்டு எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் கீழே வழியும், ஓட்டத்தில் காற்று பின்னாலும் தள்ளும். ஆகவே ஈரம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பயனில்லை, அதன் உச்சி எங்கே என்று தேட வேண்டும். ஃபில்டரைச் சுற்றி உலர்ந்திருந்தது. ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் தலையைச் சுற்றி மட்டும் பளபளவென்று ஒரு வளையம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரண்டு ஒரு சொட்டாகத் தொங்கியது.

ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கி, போல்ட்டைக் கழற்றினேன். போல்ட் ஓரம் கசியாமல் அடைக்கும் அலுமினிய வாஷர் தகடு மாதிரி நசுங்கி, ஒரு பக்கம் பழைய பள்ளம் விழுந்திருந்தது. ஏற்கெனவே நசுங்கியதையே திரும்பப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஒழுகுகிறதே என்று இன்னும் முறுக்கியிருந்தால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் அலுமினிய சம்ப்பில் மரை போயிருக்கும். நல்லவேளை, கை வைக்கவில்லை.

புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து, மறுபடி கொஞ்சம். மூன்று ராத்திரி அட்டையை விரித்து வைத்தேன். நான்காம் நாள் காலை, சொட்டுகூட இல்லாத அட்டையை மடித்து டிக்கியில் போட்டேன்.