புல்லுக்கடியில் ஏர் ஓடிய தடம்

இங்கிலாந்தில் பர்ட்டன் டாசெட் குன்றுகளுக்கு முதல் தடவை போனது ஒரு நடுப்பகலில். பட்டம் விட வந்த பிள்ளைகள், உச்சியில் வட்டமாக ஒரு பழைய கல் கோபுரம், மேற்கே எம்40 நெடுஞ்சாலையின் இரைச்சல், சுற்றிலும் பச்சை. அவ்வளவுதான் கண்ணில் பட்டது. இந்த மே மாதம் சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல் அதே இடத்தில் போய் நின்றால், கீழே இருந்த வயல் முழுக்க வரிவரியாகப் புடைத்துக்கொண்டு தெரிகிறது! வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். பெரிய கோரைப்பாய் ஒன்றை விரித்துப் போட்ட மாதிரி.

வார்விக்‌ஷயரில் இருக்கிறது இந்தக் குன்று. கவென்ட்ரியிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்த வரிகள் இடைக்கால உழவர்கள் விட்டுப்போன தடம். 'ரிட்ஜ் அண்ட் ஃபரோ' என்கிறார்கள், அதாவது மேடும் சாலும். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் போகும். இங்கே ஓட்டிய கனமான கலப்பையில் கொழுவை ஒட்டி ஒரு பலகை உண்டு, அது மண்ணை எப்போதும் வலது பக்கமாகவே புரட்டிப் போடும். நீளமான ஒரு துண்டு நிலத்தை நடுவில் ஆரம்பித்து வலச்சுற்றாகவே உழுதுகொண்டு போனால், ஒவ்வொரு சாலின் மண்ணும் நடுவைப் பார்த்தே விழும். தலைமுறை தலைமுறையாக அப்படியே உழுததில் நடுப்பகுதி மேடேறி, ஓரங்கள் பள்ளமாகிவிட்டன. களிமண் பூமியில் அதனால் லாபமும் இருந்தது: மழைத் தண்ணீர் பள்ளத்தில் வடிந்துவிடும், பயிர் மேட்டில் அழுகாமல் நிற்கும்.

சரி, கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று நடைபாதை வழியாக இறங்கினேன். வரிகளுக்குக் குறுக்கே நடந்தால்தான் அது உடம்புக்குத் தெரிகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு நான் ஒன்பது எட்டு வைக்க வேண்டியிருந்தது. பள்ளத்தில் ஷூவுக்கடியில் ஈரம் சளசளத்தது, இரண்டு எட்டு மேலே வைத்தால் தரை காய்ந்து கிடந்தது. எங்கே பார்த்தாலும் மஞ்சளாக பட்டர்கப் பூ. எல்லாம் ஒரே பூ என்றுதான் நினைப்போம், ஆனால் குனிந்து திருப்பிப் பார்த்தால் மேட்டுப் பூவின் புல்லி இதழ்கள் கீழே மடங்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பள்ளத்துப் பூவில் அப்படி இல்லை. காய்ந்த மண்ணை விரும்பும் இனம் மேட்டிலும், ஈரத்தில் படரும் இனம் பள்ளத்திலும் இடம் பிடித்திருக்கின்றன. என்றோ நின்றுபோன உழவு, இன்றைக்கு எந்தப் பூ எங்கே பூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் கவனித்தது, வரிகள் நேராகவே இல்லை. எஸ் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி லேசாக வளைகின்றன. காரணம் மாடுகள். எட்டு மாடு வரை ஜோடி ஜோடியாகப் பூட்டுவார்கள், அவ்வளவு நீளமான ஏரை வயல் முனையில் சட்டென்று திருப்ப முடியாது, அதனால் முனை வருவதற்கு முன்பே இடது பக்கம் ஒடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வளைவு தொடங்கும் இடத்தில் போய் நின்றேன். இங்கேதான் ஒருவன் தினமும் முன்மாட்டை அதட்டித் திருப்பியிருக்கிறான். அவன் பேர் எந்த ஏட்டிலும் இருக்காது, அவன் மாடு திரும்பிய வளைவு இருக்கிறது. (19-ஆம் நூற்றாண்டில் உழுத மேடுகளும் பல ஊர்களில் உண்டு; அவை குறுகலாக, நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும். அகலமும் வளைவும் இருந்தால் பழசு.)

இந்த உழவு நம் ஊர்க் கணக்கிலும் இருக்கிறது. பழைய மைல்கற்களில் பார்த்த பர்லாங்கு, 'ஒரு சாலின் நீளம்' என்ற பழைய ஆங்கிலச் சொல்தான், 220 கெஜம். அதே நீளமும் 22 கெஜ அகலமும் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதிலிருந்து வந்த அளவு அது. நம் பத்திரங்களில் எழுதும் ஏக்கருக்குள் இந்த ஊர் மாடுகளின் ஒரு நாள் உழைப்பு இருக்கிறது என்பது அந்த மேட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காலத்தில் இங்கே வேலி போடாத பெரிய வயல்கள், அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள். கோதுமை எதில், பார்லி எதில், எதைத் தரிசாக விடுவது என்பதை ஊரே கூடி முடிவு செய்யும். இந்த ஊரில் அது 15-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோனது. ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைத்த காலம். 1497-இல் சர் எட்வர்ட் பெல்க்னாப் என்ற நிலப்பிரபு வயல்களை வேலி போட்டு அடைத்து மேய்ச்சலுக்கு விட்டார். 12 வீடுகள் போயின, 60 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வேறு பல ஊர்களில் இதே காரியம் 18-ஆம் நூற்றாண்டில் பாராளுமன்றச் சட்டம் போட்டு நடந்தது. உழுவதை நிறுத்திப் புல்லுக்கு விட்டதால்தான் வரிகள் பிழைத்தன; மறுபடி டிராக்டர் இறங்கிய வயல்களில் எல்லாம் மட்டமாகிவிட்டது. எத்தனை அழகாக இருந்தாலும், இது அந்த மனிதர்கள் போனதால் மிஞ்சிய அழகு என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

சரிவில் ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம் நிற்கிறது, அந்த ஜனங்கள் கும்பிட்ட இடம். உள்ளே தரையே குன்றின் சரிவோடு சேர்ந்து மேலேறுகிறது.

போக நினைப்பவர்கள் காலையிலோ மாலையிலோ, வெயில் தாழ்ந்திருக்கும்போது போங்கள். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் மறைந்தது, நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து வயல் மறுபடி வெறும் பச்சையானது. நான் காருக்குத் திரும்பும்போது, ஆடுகள் ஈரம் இல்லாத மேடுகளாகப் பார்த்து வரிசையாகப் படுத்திருந்தன.