அம்பாசிடர் நாட்குறிப்பு: மேனிஃபோல்டு மாதம்

2025 மே 18, ஞாயிறு

இன்ஜின் பிளாக் நேற்று மாலை லேத்திலிருந்து வந்துவிட்டது. நாலு சிலிண்டரையும் குடைந்து 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸுக்கு போர் அடித்தாயிற்று. பிஸ்டன், ரிங் எல்லாம் திருப்பாதிரிப்புலியூரில் மெக்கானிக் பாய் பட்டறையில் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. அந்தப் பக்கம் கவலை இல்லை. கவலை இன்று காலைதான் ஆரம்பித்தது.

வண்டி அப்பாவுடைய மார்க் 2 அம்பாசிடர். 1489 சி.சி., பிரிட்டிஷ் கம்பெனியான பி.எம்.சி.யின் பி சீரிஸ் இன்ஜின். கழற்றிய மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் குழாயும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் குழாயும் சேர்ந்த ஜோடியை, இரண்டு நாளாக டீசலில் ஊறப்போட்டிருந்தேன். இன்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. அழுக்குதான் என்று நினைத்தேன். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தடவி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், உள்ளே ஊறியிருந்த டீசல் வெள்ளைத் தூளில் கோடு போட்டிருந்தது. விரிசல்தான்.

பாய்க்கு போன் செய்தேன். "பழைய காஸ்டிங்கு தம்பி, வெடிக்கத்தான் செய்யும். முகத்தையும் பாத்துடுங்க" என்றார். முகம் என்றால் மேனிஃபோல்டு ஹெட்டில் (இன்ஜினின் மேல்பாகத்தில்) ஒட்டி உட்காரும் தட்டைப் பக்கம். ஸ்டீல் ஸ்கேலை அதில் வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை விட்டேன். ஓர் ஓரத்தில் 10 தௌ தாராளமாக நுழைகிறது. மில்லிமீட்டரில் சொன்னால் கால். போன வருடம் முழுக்க ஐட்லிங்கில் வண்டி மூச்சு வாங்கியதும், நாங்கள் கார்புரேட்டரை நாலு முறை கழற்றி மாட்டியதும் நினைவுக்கு வந்தன. இந்த இடுக்கில் காற்று நுழைந்ததுதான் காரணம், அந்தக் கார்புரேட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

2025 மே 20, செவ்வாய்

விரிசல் விட்டதை எதற்கு ஒட்டவைக்க வேண்டும், நல்லதாக வேறொன்று போட்டுவிடலாமே என்று மனசு அலைகிறது. ஆசையை மறைப்பானேன். எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1489 சி.சி. இன்ஜின்தான் 1955-இல் வந்தது, எஸ்.யு. கம்பெனியின் இரண்டு கார்புரேட்டரோடு. ரைலி ஒன் பாயின்ட் ஃபைவ் காரிலும் அப்படியே. அலுமினிய மேனிஃபோல்டில் இரண்டு டேஷ்பாட்டும் (கார்புரேட்டர் மேலே நிற்கும் மணி போன்ற மூடி) பளபளவென்று நிற்கிற படத்தை இரவு பன்னிரண்டு மணிக்கு எத்தனை முறை பார்த்தேன் என்பது எனக்கும் போனுக்கும் மட்டும் தெரியும்.

இந்த ஹெட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். நாலு சிலிண்டருக்கு இன்டேக் துவாரம் நாலு இருக்கும் என்று நினைப்போம். இதில் இரண்டுதான். 1, 2 இரண்டும் ஒரு வாசல். 3, 4 இன்னொரு வாசல். எக்ஸாஸ்ட் மூன்று: ஓரத்தில் இருக்கும் 1-க்கும் 4-க்கும் தனித்தனி, நடுவில் 2, 3 சேர்ந்து ஒன்று. இந்த ஐந்தும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதாவது 2 இழுத்து முடித்த கையோடு அதே வாசலில் 1 இழுக்கும், அப்புறம் அந்த வாசலில் நீண்ட ஓய்வு. 3 முடித்ததும் 4, பிறகு அங்கேயும் ஓய்வு. ஒற்றைக் குளியலறைக் கூட்டுக் குடும்பத்தில் காலை ஆறு மணிக்கு நடப்பது மாதிரி. முதலில் போகிறவருக்கும் அடுத்து போகிறவருக்கும் ஒரே அளவு தண்ணீர் கிடைக்காது. எந்த மேனிஃபோல்டைப் போட்டாலும் இந்தக் குணம் மாறாது, ஏனென்றால் அது ஹெட்டுக்குள் இருக்கிறது.

வெபர் டி.சி.ஓ.இ. 45 என்ற இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரண்டு தொண்டையையும் இரண்டு வாசலுக்கு விடுகிறவர்களும் உண்டு. அதை யோசித்து, விலையைப் பார்த்து, மறந்துவிட்டேன்.

2025 மே 25, ஞாயிறு

புதுச்சேரி போய் வந்தேன். முத்தியால்பேட்டையில் ஒரு பெரியவர் எம்.ஜி.ஏ. இன்டேக் மேனிஃபோல்டு வைத்திருக்கிறார் என்று பாய்தான் தகவல் சொன்னார். கன்னியக்கோயில் தாண்டியதும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் வழக்கம் போல, "நம்ம ஊர்ல பெட்ரோல் இங்கவிட ஜாஸ்தி சார்" என்று ஆரம்பித்தார். கடலூர்க்காரர்கள் இந்தப் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் பேசுகிற முதல் பேச்சு இது.

பெரியவர் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார். நேரில் பார்த்தால் இன்னும் அழகு. கையில் எடுத்தால் எடையே இல்லை. இரண்டு வாசலையும் சேர்க்கும் பேலன்ஸ் குழாய்கூட அடைப்பில்லாமல் சுத்தமாக இருந்தது. விலை 22,000 சொன்னார்.

"எக்ஸாஸ்ட் எங்க ஐயா?"

"அது இல்ல தம்பி. இது மட்டும்தான் வந்துது."

அங்கேதான் இடித்தது. நம் அம்பாசிடரில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஹாட் ஸ்பாட் என்பது அந்த இடம்தான். புகையின் சூட்டில் பெட்ரோல் ஆவியாக ஒரு அடுப்பு. இன்டேக்கை மட்டும் மாற்றினால் எக்ஸாஸ்ட்டில் அந்த இடம் திறந்து நிற்கும், தகடு வைத்து மூட வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி காது, அதாவது நட் போட்டு இறுக்கும் விளிம்பு. சில ஸ்டட்டில் (ஹெட்டில் நிற்கும் திருகு) ஒரே கனமான வாஷர் இன்டேக் காதையும் எக்ஸாஸ்ட் காதையும் சேர்த்து அழுத்துகிறது. இரண்டு காதின் தடிமனும் ஒன்றாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து ஒன்றைத்தான் பிடிக்கும், மற்றது கசியும். கொண்டுபோன வெர்னியரில் அளந்தேன். எங்கள் எக்ஸாஸ்ட் காதுக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு வந்தேன். பெரியவர் ஃபில்டர் காபி கொடுத்தார். திரும்பச் சுற்றும்போது துணியின் முனையை அவர் மெதுவாக இழுத்து முடிந்த விதத்தைப் பார்த்தால், விற்க அவருக்கும் அவ்வளவு மனசில்லை என்று தோன்றியது.

2025 மே 26, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு கார்புரேட்டரா? ஒண்ணுக்கே நான் விழுப்புரம் ரோட்டுல பம்ப் மேல ஈரத்துணி போட்டுட்டு உக்காந்திருப்பேன்" என்றார். சூட்டில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுபோகும் கதை அது. அவ்வளவுதான், பேப்பருக்குள் போய்விட்டார்.

2025 மே 28, புதன்

பாய் பட்டறையில் இரண்டு மணி நேரம் பேசினோம். பேசினோம் என்றால், அவர் வால்வு கிரைண்டிங் செய்துகொண்டே பேசினார், நான் கேட்டேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டிய எப்படி ஓட்டப்போறீங்க?" கடலூர் – புதுச்சேரி, எப்போதாவது சிதம்பரம், வருடத்துக்கு ஒரு முறை கல்யாணம் காட்சி. 60-க்கு மேல் அப்பா விடமாட்டார். "அப்ப அந்த ரெண்டு கார்புரேட்டர் மூச்சு விடற இடத்துக்கு இன்ஜின் போகவே போகாது" என்றார்.

நானும் படித்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். எம்.ஜி.ஏ. 68 குதிரைத்திறனில் ஆரம்பித்தது, நம்முடையது 50-ஐ ஒட்டி. அந்த வித்தியாசம் கார்புரேட்டரால் மட்டும் வந்ததல்ல. ஹெட், வால்வைத் திறக்கும் கேம், 8.3-க்கு 1 என்ற கம்ப்ரஷன் எல்லாம் சேர்ந்து வந்தது, அதுவும் நிமிடத்துக்கு 5,500 சுற்றில். நம் இன்ஜினில் சுற்றும் கிராங்க் தண்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். 5,500 என்றதும் பாய் சிரித்தார்.

எஸ்.யு. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் வண்டி கீழ் வேகத்தில் செத்துவிடும் என்று சிலர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எஸ்.யு. கார்புரேட்டருக்கு உள்ளேயே இருக்கும் பிஸ்டன் தேவைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி வழியைத் தானே சிறிதாக்கிக்கொள்ளும். கெடுதல் இல்லை. லாபமும் இல்லை, 22,000 ரூபாய்க்கு.

பிறகு பெட்ரோல். இப்போது பங்கில் பிடிப்பதில் 20 சதவீதம் எத்தனால். நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், முன்னால் போவதும் நம் டேங்கில் இருப்பதும் ஒரே செடிதானே என்று நினைத்துக்கொள்வேன். எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட அதிகச் சூடு வேண்டும். எரிய அதற்குக் காற்றும் குறைவாகத்தான் தேவை: பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு என்றால், தனி எத்தனாலுக்கு 9. அதனால் பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அமைப்பில் கலவை இளைத்துப்போகும், அதாவது பெட்ரோல் போதாது. ஜெட்டை இறக்கி அதைச் சரிக்கட்டலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குச் சூடு தருவது ஹாட் ஸ்பாட்தான். அலுமினிய மேனிஃபோல்டில் அது கிடையாது. ஆனால் மே மாத மதியத்தில் அதே அடுப்புதான் கார்புரேட்டரைக் கொதிக்கவிடுகிறது, அப்பாவின் ஈரத்துணிக் கதை அப்படி வந்ததுதான். காலையில் தேவை, மதியம் தொல்லை.

"சூட்ட மேனிஃபோல்டுல வைங்க, கார்புரேட்டருக்கு விடாதீங்க" என்றார் பாய். இரண்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத ஹைலம் கட்டை, கீழே ஒரு தகடு. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பழையதே.

பெரியவருக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். "பரவால்ல தம்பி" என்றவர் குரலில் சந்தோஷம்தான் இருந்தது.

2025 மே 31, சனி

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் வெல்டிங். பித்தளை வைக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எக்ஸாஸ்ட் சூட்டில் பித்தளை நிற்காது, நிக்கல் ராடுதான் என்றார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. விரிசல் கோட்டை வி வடிவில் குடைந்தார். முழு காஸ்டிங்கையும் அடுப்பில் சூடேற்றி, ஓர் அங்குலம் வைப்பார், சுத்தியால் மெல்லத் தட்டுவார், மறுபடி ஓர் அங்குலம். முடித்ததும் ஒரு டின் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, "நாளைக்கு வரைக்கும் தொடாதீங்க சார். அவசரமா ஆறினா பக்கத்துல புதுசா வெடிக்கும்" என்றார்.

மேனிஃபோல்டை இரவு சாம்பலில் தூங்கவிட்டு ஊர் திரும்பியது இதுதான் முதல் முறை.

2025 ஜூன் 4, புதன்

முகம் பிடித்தாயிற்று, அதாவது மெஷினில் சீவித் தட்டையாக்கியாயிற்று. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஹாட் ஸ்பாட்டில் பேக்கிங் வைத்து இணைத்து, இரண்டையும் ஒரே துண்டாக மெஷினில் ஏற்றினார்கள். தனித்தனியாகப் பிடித்துப் பிறகு சேர்த்தால் ஒன்று முன்னே ஒன்று பின்னே நிற்கும். 14 தௌ எடுக்க வேண்டியிருந்தது.

2025 ஜூன் 7, சனி

பக்ரீத். பட்டறை லீவு. பாய் வீட்டுப் பிரியாணி மதியம் வந்தது.

2025 ஜூன் 15, ஞாயிறு

துவாரம் ஒத்துப்பார்க்கும் வேலை முழுக்க என்னுடையது. பேக்கிங்கை ஹெட்டில் வைத்துக் கோடு கிழித்தேன், அதே பேக்கிங்கை மேனிஃபோல்டில் வைத்துக் கிழித்தேன். 3-4 வாசலில் மேனிஃபோல்டின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டு படி மாதிரி நிற்கிறது. அரத்தால் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடவில்லை, போடவும் வேண்டாம் என்றார் பாய். படி போனால் போதும்.

ஹைலம் கட்டை அரை அங்குலம். கார்புரேட்டர் அவ்வளவு வெளியே தள்ளியதில் ஆக்சிலரேட்டர் கம்பி எட்டவில்லை. அதற்கு அரை நாள் போனது. அதைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

2025 ஜூன் 22, ஞாயிறு

ஸ்டார்ட் ஆகிவிட்டது. சோக் இழுத்து நாலாவது செல்ஃபில்.

சூடானதும் பாய் ஸ்க்ரூ டிரைவர் முனையால் எஸ்.யு. பிஸ்டனை ஒரு நூல் அளவு தூக்கினார். சத்தம் இறங்கி அணையப் பார்த்தது, கலவை இளைப்பு. ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஒரு பக்கம்) இறக்கினார், மறுபடி தூக்கினார். மூன்றாவது பட்டையில் சுற்று லேசாக ஏறி, அப்படியே பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. காற்று நுழைகிறதா என்று மேனிஃபோல்டு முகம் சுற்றிலும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். ஐட்லிங் அசையவில்லை, கசிவு இல்லை.

மதியம் ஒன்றரை மணிக்கு அப்பாவை முன் சீட்டில் வைத்து அரியாங்குப்பம் வரை ஓட்டினேன். வேண்டுமென்றே. பங்கில் நிறுத்தி பெட்ரோல் போட்டு, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக் காத்திருந்தேன். வண்டி கொதித்து நின்றுவிடுமா என்று பார்க்கத்தான். அப்பா காலுக்கடியில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. அப்பா பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் குடித்தார்.

வீடு வந்ததும் பாய் போன்: "200 கிலோமீட்டர் ஓடினதும் மேனிஃபோல்டு நட்ட மறுபடி டைட் வெக்கணும், மறந்துடாதீங்க." மீட்டரில் இன்றைக்கு 46.