நீமோவின் சின்னத் துடுப்பு

மே 3, 2025, சனி

சின்னவனுக்கு ஏழு வயது. இன்றைக்குத்தான் அவனோடு உட்கார்ந்து 'ஃபைண்டிங் நீமோ' பார்த்தேன், 2003-இல் வந்த படம். பிறந்ததிலிருந்தே அவனுக்கு வலது கை சிறியது, விரல்கள் முழுதாக வளரவில்லை. விசேஷ வீடுகளில் அந்தக் கையை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பான். படத்தில் வரும் குட்டி மீன் நீமோவுக்கும் வலப்பக்கத் துடுப்புதான் சிறியது. அதைப் பார்த்ததும் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் உட்கார்ந்துகொண்டான்.

மீன்தொட்டியின் குழாயில் நீமோ மாட்டிக்கொள்கிறான். மற்ற மீன்கள் பதறி ஓடி வர, கில் என்கிற மீன் யாரையும் தொடவிடாமல் தடுக்கிறது. தானாகப் போய் மாட்டினவன் தானாகவே வரட்டும் என்கிறது. என் துடுப்பு சரியில்லையே என்கிறான் நீமோ. கில் திரும்பி, சிதைந்துபோன தன் துடுப்பைக் காட்டுகிறது. அவ்வளவுதான். நீமோ முண்டி முண்டி வெளியே வந்துவிடுகிறான்.

இதை மூன்று தடவை போடச் சொன்னான்.

மே 4, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வரவில்லை. 'அஞ்சலி' ஞாபகம். 1990-இல் வந்த படம், மனவளர்ச்சி குன்றிய அஞ்சலி என்கிற சிறுமியின் கதை. சின்ன வயதில் டிவியில் பார்த்து விம்மி விம்மி அழுதிருக்கிறேன். எல்லாரும் அவளை ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் அவள் இறந்துபோகிறாள். அன்றைக்கு அஞ்சலியைப் போன்ற ஒரு குழந்தையும் எங்கேயோ அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? அதற்கு என்ன தோன்றியிருக்கும்? அந்தப் படத்தை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனாலும் இவனுக்குப் போட்டுக் காட்ட மனசு வரவில்லை.

மே 10, சனி

'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்', 2010. டிராகனின் வாலில் ஒரு பக்கத் துடுப்பு போனதே ஹிக்கப் என்கிற பையனால்தான். அதற்கு மாற்றுத் துடுப்பு செய்து மாட்டுகிறவனும் அவனே. கடைசிச் சண்டைக்குப் பிறகு கண் விழிக்கிறான், இடது காலின் கீழ்ப்பகுதி இல்லை. எழுந்து முதல் அடி வைக்கும்போது தடுமாறுகிறான். டிராகன் தலையால் தாங்கிக்கொள்கிறது. அப்புறம் இரண்டு பேரும் வெளியே பறக்கப் போய்விடுகிறார்கள். மந்திரமும் இல்லை, கால் திரும்ப முளைக்கவும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. இவனோ, "அந்தக் காலை எதுல செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மே 14, புதன்

கோயிலுக்குக் கிளம்பும்போது அத்தை சட்டை பட்டனைப் போட்டுவிடப் போனார்.

"தொடாதீங்க அப்பாயி."

அத்தை என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆனது. ஒரு பட்டன் ஓட்டை மாறி, சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. அப்படியே போனோம். கோயிலில் கூட்டத்தைப் பார்த்ததும் கை மறுபடியும் பைக்குள் போய்விட்டது.