பெரியப்பாவும் பர்வதமலையும்

பெரியப்பாவின் காரியம் முடிந்து வேலூர் வீட்டுக்கு வந்தால், வாசலில் அவருடைய மூங்கில் கழி அப்படியே சாய்ந்து நிற்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

வாழ்நாள் முழுக்க மலை ஏறியவர். சோளிங்கரில் 1305 படி, வள்ளிமலை, ஏலகிரி எல்லாம் அவருக்குச் சும்மா காலாற நடப்பது மாதிரி. சோளிங்கருக்கு ரோப் கார் வந்த பிறகும், "அதுல போறதுக்கு வீட்லயே கும்பிட்டுக்கலாம்டா" என்று படியில்தான் ஏறினார். (முட்டி வலியை மட்டும் பெரியம்மாவிடம் சொல்லவே மாட்டார்.)

ஆனால் அவருடைய மலை என்றால் பர்வதமலைதான். போளூர் வழியாகத் தென்மாதிமங்கலம் போய், பௌர்ணமி இரவில் ஏறுவார். பத்தாவது படிக்கும்போது என்னையும் கூட்டிப்போனார். பாதி வழி வரை சரி, கடப்பாறை நெட்டு வந்ததும் எனக்குக் கால் நடுங்கிவிட்டது. செங்குத்தான பாறையில் அடித்து வைத்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் "அரோகரா" என்று அவசரப்படுத்த, நான் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. "கீழ பாக்காத, மேலயும் பாக்காத, கைய மட்டும் பாரு" என்றார், அவ்வளவுதான். உச்சியில் மல்லிகார்ஜுனருக்கு நாமே அபிஷேகம் செய்யலாம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

இறங்கும்போது அடுத்தவர்கள் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களை ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டே வருவார். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

வருகிற பௌர்ணமிக்குத் தம்பியும் நானும் போகிறோம். கழியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா.